அணைக்கச் சொன்ன கணினி ஏன் மீண்டும் எழுந்து உட்காருகிறது?

கேள்வி சுருக்கமாக இது: இரவு வேலை முடிந்ததும் விண்டோஸில் ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ என்ற தெரிவை அழுத்திவிட்டு எழுந்து போகிறேன், காலையில் வந்து பார்த்தால் கணினி உள்நுழைவுத் திரையைக் காட்டிக்கொண்டு, விசிறி சுழல, இரவு முழுவதும் விழித்திருந்தது தெரிகிறது. அணைக்கச் சொன்னால் மறுதொடக்கம் செய்வது ஏன்? இது என் கணினியின் கோளாறா? நிறுத்த வழி உண்டா?

பெரும்பாலும் கோளாறு உங்கள் கணினியினுடையது அன்று. இந்த எரிச்சலில் இரண்டு விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எதைப் பொறுத்துக்கொள்வது, எதைக் குறை சொல்வது என்பது விளங்கும். புதுப்பிப்பின் நடுவே கணினி ஒருமுறை மறுதொடக்கம் ஆவது அந்த வேலையின் இயல்பு. அது முடிந்த பிறகு, தன்னை அணைக்கச் சொல்லியிருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு விழித்தே இருப்பதுதான் பிழை. அந்தப் பிழையைப் பற்றிப் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்தார்கள். மைக்ரோசாப்ட் அதைத் திருத்தியதாகச் சொன்னது 2025 அக்டோபர் இறுதியில்தான். அதுவரை எத்தனையோ பேர், அவசரத்தில் பக்கத்துத் தெரிவான ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’டை அழுத்திவிட்டோம் போலும் என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்.

முதலில், மறுதொடக்கம் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். இயங்குதளம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் தொகுதி. அந்த நிரல்கள் யாவும் வட்டில் உள்ள கோப்புகளிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்பட்டவை. விண்டோஸைப் பொறுத்தவரை, ஒரு நிரல் கோப்போ, பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரலகக் கோப்போ பயன்பாட்டில் இருக்கும்போது அதன்மேல் வேறொன்றை எழுதவோ அதை அழிக்கவோ இயலாது. இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலையும், திரையை வரையும் பகுதியையும், பாதுகாப்புச் சேவைகளையும் பயன்பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டுமானால் இயங்குதளத்தையே நிறுத்தியாக வேண்டும். ஆகவே புதுப்பிப்பு நிரல் புதிய கோப்புகளை ஓரிடத்தில் தயாராக அடுக்கி வைத்துவிட்டு, ‘அடுத்த தொடக்கத்தில் இன்னின்ன கோப்பை இன்னின்ன இடத்துக்கு மாற்றுக’ என்று, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பட்டியலை எழுதி வைக்கும். அடுத்த முறை கணினி எழும்போது, மற்ற சேவைகள் கண் விழிப்பதற்கு முன்பாகவே எழும் செஷன் மேனேஜர் என்ற சிறு நிரல் அந்தப் பட்டியலைப் படித்து மாற்றங்களைச் செய்துவிடும். மாதாந்தரப் பெரும் புதுப்பிப்புகளுக்கு இதைவிட விரிவான ஏற்பாடு உண்டு என்றாலும் அடிப்படை இதுவே: ஒரு பகுதி வேலை கணினி அணையும் வழியில் நடக்கிறது, மறு பகுதி அது எழும் வழியில் நடக்கிறது. புதுப்பிப்புத் திரையில் விழுக்காடு ஏறிக்கொண்டே போய், பாதியில் திரை கறுத்து, மீண்டும் எழுந்து எஞ்சிய விழுக்காட்டைக் காட்டுவதன் பொருள் இதுதான்.

லினக்ஸ் என்ற மற்றோர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவோர் இந்த இடத்தில் புன்னகைப்பார்கள். லினக்ஸ் பின்பற்றும் யூனிக்ஸ் மரபில் கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. பெயரை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிய கோப்பை வைத்தாலும், பழைய கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் அதைக் கடைசிவரை பயன்படுத்திக்கொண்டே இருக்கும். அதனால் ஓடும்போதே மாற்றலாம் என்பது உண்மை. ஆனால் மாற்றிய பின்பும் ஓடிக்கொண்டிருப்பது பழைய நிரல்தான் என்பதும் அதே அளவு உண்மை; பாதுகாப்புத் துளையை அடைத்த புதிய கோப்பு வட்டில் அமைதியாக உட்கார்ந்திருக்க, துளையோடு கூடிய பழையது நினைவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். கர்னல் மாறினால் அங்கும் மறுதொடக்கம் செய்ய வேண்டியதுதான். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓடும் அமைப்பில் விளையும் விசித்திரமான சிக்கல்களுக்கு அஞ்சி, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வெளியீடுகள் தாமாகவே ‘மறுதொடங்கிப் புதுப்பிக்கும்’ முறையைத் தேர்ந்துகொண்டிருக்கின்றன என்பதைச் சொன்னால் புன்னகை சற்றுக் குறையும்.

மறுதொடக்கம் தேவை என்றால், அணைத்துவிட்டு மறுநாள் எழும்போது எஞ்சியதைச் செய்துகொள்ளக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்யலாம், விண்டோஸ் 7 காலத்தில் அப்படித்தான் நடந்தது. இரவில் ஒரு பகுதியை முடித்துக் கணினி அணைந்துவிடும். காலையில் அவசரமாக ஒரு கோப்பைத் திறக்க வந்தவர், ‘புதுப்பிப்புகள் அமைக்கப்படுகின்றன, 35 விழுக்காடு, கணினியை அணைக்காதீர்கள்’ என்ற வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைய வசவெல்லாம் அந்தக் காத்திருப்பின் மேல்தான். காலை நேரத்தைப் பயனருக்கு மிச்சப்படுத்த வேண்டுமானால் இரவிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். அதற்கு இரவிலேயே ஒருமுறை எழுந்தாக வேண்டும். ஆக, ‘புதுப்பித்து அணை’ என்று பொத்தானில் எழுதியிருப்பதன் முழுப் பொருள் ‘புதுப்பித்து, மறுதொடங்கி, எஞ்சியதை முடித்து, பிறகு அணை’ என்பதாகும். நடுவிலிருக்கும் இரண்டு படிகளைப் பொத்தான் மறைத்துவிட்டது. இந்த மறைப்புதான் பாதிக் கோபத்துக்குக் காரணம் என்பது என் கருத்து. ‘ஒருமுறை மறுதொடங்கிய பின் அணையும்’ என்று திரையில் ஒரு வரி சேர்த்திருந்தால், அணைந்த கணினி தானாக எழுவதைக் கண்டு பதறிப் பொத்தானை நீளமாக அழுத்தி, புதுப்பிப்பைப் பாதியில் வெட்டியவர்களின் எண்ணிக்கை நிச்சயம் குறைந்திருக்கும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ‘அணைத்தல்’ என்ற சொல்லின் பொருளே 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது மாறிவிட்டது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ எனப்படும் விரைவுத் தொடக்க வசதி இயக்கத்தில் இருந்தால், நீங்கள் அணைக்கச் சொல்லும்போது விண்டோஸ் உங்கள் நிரல்களை மூடி, உங்களை வெளியேற்றிவிட்டு, கர்னலையும், வன்பொருள்களை இயக்கும் நிரல்களான சாதன இயக்கிகளையும் மட்டும் அப்படியே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை நிறுத்துகிறது. மறுநாள் அந்தக் கோப்பிலிருந்து அவற்றை மீட்டெடுப்பதால்தான் கணினி விரைவாக எழுகிறது. அதாவது அணைத்து எழுப்பினாலும் கர்னல் பழையதுதான். நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. டாஸ்க் மேனேஜரில் கணினி எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்த்தால், தினமும் இரவில் அணைப்பவர்களுக்குக்கூடப் பல நாள்கள் என்று காட்டுவது இதனால்தான். மறுதொடக்கத்தில் இந்தக் குறுக்குவழி இல்லை. அது கர்னலை முழுமையாக மூடி, புதிதாக ஏற்றும். எனவே இன்றைய விண்டோஸில் முழுமையான மூடல் என்பது அணைப்பதில் இல்லை, மறுதொடக்கத்தில் இருக்கிறது. கேட்பவருக்கு இது தலைகீழாகப் படும். ஆனால் கணினி மந்தமாக இருக்கிறது என்றால் ‘அணைத்துப் போடுங்கள்’ என்னாமல் ‘ரீஸ்டார்ட் செய்யுங்கள்’ என்று தொழில்நுட்ப உதவியாளர்கள் சொல்வதன் காரணமும் இதுவே.

இனி மறதிக்கு வருவோம். அணைத்தலும் மறுதொடக்கமும் இயங்குதளத்தின் பார்வையில் ஏறத்தாழ ஒரே பாதை. நிரல்களுக்கு அறிவிப்பு அனுப்புவது, சேவைகளை நிறுத்துவது, எழுதப்படாமல் நிற்கும் தரவுகளை வட்டில் எழுதி முடிப்பது என எல்லாம் ஒன்றே. பாதையின் கடைசி அடியில்தான் பிரிவு: ஒன்றில் வன்பொருளிடம் ‘மின்சாரத்தை நிறுத்து’ என்ற கட்டளை போகிறது, மற்றொன்றில் ‘மீண்டும் தொடங்கு’ என்ற கட்டளை போகிறது. ‘புதுப்பித்து அணை’ என்று நீங்கள் சொன்னதும் கணினி முதலில் இரண்டாவது கட்டளையைத்தான் கொடுத்தாக வேண்டும். அந்தக் கணத்தில் நினைவகம் முழுவதும் அழிகிறது. எழுந்து வரும் விண்டோஸுக்கு, நேற்று இரவு நீங்கள் எந்தத் தெரிவை அழுத்தினீர்கள் என்பது தெரியாது, வட்டில் எங்கேயாவது அது எழுதி வைக்கப்பட்டிருந்தாலொழிய. எழுதியது இருக்க வேண்டும். எழுந்து வரும் விண்டோஸ் அதைப் படிக்க வேண்டும். வேலைகள் எல்லாம் முடியும்வரை அதை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். முடிந்ததும் அதன்படி நடக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் விளைவு ஒன்றே: கணினி சாதாரண மறுதொடக்கத்தை முடித்ததுபோல் உள்நுழைவுத் திரையில் வந்து நின்றுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது, ஏனெனில் அதன் கணக்கில் எதுவும் தவறாக நடக்கவில்லை.

இந்தக் குறிப்பு எழுதும் முறையைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் லினக்ஸில் பார்க்கலாம். அங்கே பேக்கேஜ்கிட் என்ற சேவை, மறுதொடங்குவதற்கு முன், வேலை முடிந்ததும் அணைப்பதா மறுதொடங்குவதா என்பதை ஒரு சிறு உரைக்கோப்பில் எழுதி வைக்கிறது. எழுந்தவுடன் புதுப்பிப்பைச் செய்யும் நிரல், ‘புதுப்பிக்க வேண்டியது இருக்கிறது’ என்று காட்டும் அடையாளத்தை முதல் வேலையாக அழித்துவிட வேண்டும் என்பது விதி. இல்லாவிட்டால் புதுப்பிப்பு தோல்வியுறும் நாளில் கணினி எழுவதும் மறுதொடங்குவதுமாக முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். எளிய ஏற்பாடுதான். ஆனால் விண்டோஸில் ஓர் ஆண்டின் பெரும் புதுப்பிப்பு ஒரே மறுதொடக்கத்தில் முடிவதில்லை. ஓடும் விண்டோஸில் ஒரு கட்டம், தனியான சிறு மீட்பு இயங்குதளத்தில் ஒரு கட்டம், புதிய விண்டோஸின் முதல் தொடக்கம், இரண்டாம் தொடக்கம் என்று நான்கு கட்டங்களைத் தாண்டுகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பொறுப்பு வேறு நிரலின் கைக்கு மாறுகிறது. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிய சேதி நான்கு பேர் கை மாறினால் என்ன ஆகுமோ அதுதான்.

அந்தத் திருத்தம் வந்த விதமும் குறிப்பிடத்தக்கது. 2025 அக்டோபர் 28 அன்று விண்டோஸ் 11இன் 24எச்2, 25எச்2 பதிப்புகளுக்கு கேபி5067036 என்ற விருப்பத்தேர்வுப் புதுப்பிப்பு வெளியானது. அதன் நீண்ட மாற்றப் பட்டியலில், ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ உண்மையில் கணினியை அணைக்காமல் போகக் காரணமாக இருந்த உள் சிக்கல் சரிசெய்யப்பட்டது என்ற பொருளில் ஒற்றை வரி இருந்தது. ஆண்டுக்கணக்கான எரிச்சலுக்கு ஒரு வரி. அதே திருத்தம் நவம்பர் 11 அன்று எல்லோருக்குமான மாதாந்தரப் புதுப்பிப்பில் சேர்ந்தது. ஆகவே உங்கள் கணினி அந்தப் பதிப்புகளில் ஒன்றை வைத்துக்கொண்டு, 2025 நவம்பருக்குப் பிந்தைய ஏதேனும் ஒரு மாதாந்தரப் புதுப்பிப்பைப் பெற்றிருந்தால், இந்தப் பிழை உங்களுக்குத் தீர்ந்திருக்க வேண்டும். ஒரு வேடிக்கை: திருத்தத்தைக் கொண்டுவரும் புதுப்பிப்பை நிறுவும்போது இயங்குவது திருத்தப்படாத பழைய விண்டோஸ்தான், ஆகவே அந்த ஒரு இரவு உங்கள் கணினி விழித்திருந்தால் அதை வைத்துத் திருத்தம் பலிக்கவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்துவிட்டதால், அதில் தங்கியிருப்போர் இந்தத் திருத்தத்தை எதிர்பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பெயரளவில் ஒத்த, ஆனால் வேறான இன்னொரு பிழையும் 2026 ஜனவரியில் வந்தது. தேடும்போது இரண்டும் கலந்து வருவதால் சொல்லிவைக்கிறேன். ஜனவரி 13ஆம் நாள் புதுப்பிப்புக்குப் பிறகு, விண்டோஸ் 11 23எச்2 பதிப்பில் ‘செக்யூர் லான்ச்’ என்ற பாதுகாப்பு வசதி இயக்கத்தில் இருந்த சில கணினிகள், எப்போது அணைக்கச் சொன்னாலும் மறுதொடங்கின. நான்கு நாள்களில், மாதாந்தர முறைக்கு வெளியே ஒரு அவசரத் திருத்தம் வெளியிடப்பட்டது. அது பெரும்பாலும் நிறுவனங்களில் உள்ள கணினிகளைத் தொட்ட விஷயம். வீட்டுக் கணினிக்கும் அதற்கும் தொடர்பு குறைவு.

திருத்தங்கள் எல்லாம் நிறுவிய பிறகும் கணினி விழித்தே இருந்தால், சந்தேகத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். நான் முதலில் கேட்பது, அந்தக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருக்கின்றனவா என்பதுதான். விண்டோஸோடு லினக்ஸும் இருந்து, தொடக்கப் பட்டியலில் லினக்ஸ் முதலிடத்தில் இருந்தால், நடு இரவில் மறுதொடங்கிய கணினி சில நொடிகள் காத்திருந்துவிட்டு நேராக லினக்ஸுக்குள் போய்விடும். விண்டோஸ் எழுதி வைத்த குறிப்பைப் படிக்க அங்கே யாரும் இல்லை. காலையில் லினக்ஸின் உள்நுழைவுத் திரை நின்றுகொண்டிருந்தால் காரணம் வெளிப்படை. வட்டுக் குறியாக்கத்துக்குத் தொடக்கத்திலேயே ரகசிய எண் (PIN) கேட்கும்படி அமைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான்: கணினி அந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு இரவெல்லாம் நிற்கும். அது பாதுகாப்பின் விலை. குறையென்று சொல்ல முடியாது.

புதுப்பிப்பே இல்லாத நாள்களிலும் அணைக்கச் சொன்னால் மறுதொடங்குகிறது என்றால், விஷயம் வேறு. அணையும் வழியில் ஏதோ ஒரு சாதன இயக்கி தடுக்கி விழுந்து விண்டோஸ் நிலைகுலைந்திருக்கலாம். நிலைகுலைந்தால் தானாக மறுதொடங்க வேண்டும் என்பது விண்டோஸின் இயல்பு அமைப்பு. மேம்பட்ட அமைப்புப் பண்புகளில், தொடக்கமும் மீட்பும் என்ற பகுதிக்குப் போய், தானாக மறுதொடங்கு என்ற குறியை எடுத்துவிட்டால், அடுத்த முறை மறுதொடக்கத்துக்குப் பதிலாகப் பிழைத் திரை நின்று குறியீட்டைக் காட்டும். 9எஃப் என்று முடியும் குறியீடு வந்தால், ஏதோ ஓர் இயக்கி மின்நிலை மாற்றத்துக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை என்று பொருள். வலையமைப்பு அட்டை, திரை அட்டை ஆகியவற்றின் இயக்கிகளைப் புதுப்பித்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். கணினி முழுமையாக அணைந்து, சில நிமிடங்களோ மணிகளோ கழித்து எழுகிறது என்றால், விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை நிரலான பயாஸின் அமைப்பில் வலையமைப்பு வழி எழுப்புதல், குறித்த நேரத்தில் எழுதல், மின்சாரம் திரும்பியதும் எழுதல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

எது நடந்தது என்று ஊகிப்பதைவிடக் கணினியிடமே கேட்டுவிடலாம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் பதிவுகளில் சிஸ்டம் என்ற பிரிவுக்குப் போய், 1074 என்ற நிகழ்வு எண்ணை வடிகட்டிப் பாருங்கள். கணினி அணையவோ மறுதொடங்கவோ கேட்கப்பட்ட ஒவ்வொரு முறையும், எந்த நிரல் கேட்டது, யார் பெயரில் கேட்டது, கேட்டது அணைப்பா மறுதொடக்கமா என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும். கேட்டவர் பெயர் டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்றோ மோயூஸ்ஓகோர்வொர்க்கர் (MoUsoCoreWorker) என்றோ இருந்தால் அது புதுப்பிப்பின் வேலை. 6005 என்பது கணினி எழுந்த நேரம். 6006 என்பது ஒழுங்காக மூடப்பட்ட நேரம். 6008 அல்லது 41 இருந்தால் ஒழுங்கற்ற முறையில் அணைந்திருக்கிறது. நள்ளிரவில் ஒரு மறுதொடக்கம், அதற்குப் பின் ஒரு 6005, பிறகு காலைவரை மூடல் எதுவும் இல்லை என்றால், உங்கள் கணினி சொன்னதை மறந்த வகையைச் சேர்ந்தது. 1074க்குப் பதிலாக 41 இருந்தால், மறதியைத் திட்ட வேண்டாம். அது இயக்கிக் கோளாறோ மின்சாரக் கோளாறோ ஆகும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் விண்டோஸை முழுவதுமாக மீண்டும் நிறுவியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பலருக்கு அதன்பின் அடுத்த மாதமே அதே காட்சி திரும்பியது.

இனி, அன்றாடம் என்ன செய்யலாம் என்பது. மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2003 அக்டோபர் முதல் ஒவ்வொரு மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. இது தெரிந்திருந்தால் பாதிப் போர் முடிந்தது. அந்த வாரத்தில், நீங்கள் கணினிமுன் இருக்கும் ஒரு நேரத்தில், எழுந்து போகும் அவசரம் இல்லாத வேளையாகப் பார்த்து, ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’டை நீங்களே கொடுத்துவிடுங்கள். உள்நுழைவுத் திரை வந்ததும், உள்ளே நுழையாமலேயே வலப்பக்க மூலையில் உள்ள மின்விசைக் குறியின் வழியாக அணைத்துக்கொள்ளலாம்; அப்போது தெரிவது வெறும் அணைப்புத்தான், அதில் மறக்க எதுவும் இல்லை. நான் பல ஆண்டுகளாகச் செய்வது இதுதான். ‘புதுப்பித்து அணை’ என்ற தெரிவை, பிழை திருத்தப்பட்ட பின்பும், மேசைக் கணினிக்கு மட்டுமே நம்புகிறேன்.

மடிக்கணினியில் ஏன் நம்புவதில்லை என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். மேசைக் கணினி இரவெல்லாம் விழித்திருந்தால் கொஞ்சம் மின்சாரம் போகும், அவ்வளவுதான். மடிக்கணினியை ‘புதுப்பித்து அணை’ என்று சொல்லி, மூடி, பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினால், அது பைக்குள்ளேயே மறுதொடங்கும். மூடியை மூடினால் உறங்கு என்ற அமைப்பு, மூடி மூடப்படும் நிகழ்வைக் கண்டு செயல்படுவது. ஏற்கெனவே மூடிய நிலையில் எழும் கணினிக்கு அந்த நிகழ்வு நடப்பதே இல்லாமல் போகலாம். காற்றுப் புகாத பையில், முழு வேகத்தில் புதுப்பிப்பு வேலை செய்யும் செயலி எவ்வளவு சூடேறும் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பேட்டரி நடுவழியில் தீர்ந்துவிட்டால், புதுப்பிப்பு பாதியில் வெட்டுப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் ‘மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன’ என்று பின்னோக்கி ஓடும். எனவே கிளம்பும் அவசரத்தில் இருக்கும்போது மடிக்கணினியில் புதுப்பிப்பையே தொட வேண்டாம்.

அந்த நேரத்தில் மின்விசைப் பட்டியலில் புதுப்பிப்பு சேராத வெறும் ‘ஷட் டவுன்’ தெரிந்தால் அதை அழுத்துங்கள். தெரியாவிட்டால், ஹைபர்னேட் எனப்படும் ஆழ்ந்த உறக்கமே சிறந்த வழி: நினைவகத்தை வட்டில் எழுதி வைத்துவிட்டு மின்சாரத்தை முழுமையாக நிறுத்துகிறது, புதுப்பிப்பைத் தொடுவதில்லை. இது பட்டியலில் இயல்பாகத் தெரியாது; கண்ட்ரோல் பேனலின் மின்விருப்பங்களில், மின்பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிக்குப் போய் ஒருமுறை குறியிட்டுவிட்டால் நிலையாக வந்துவிடும். கட்டளைச் சாளரத்தில் ஷட்டவுன் என்று தட்டச்சிட்டு, இடைவெளி விட்டு சாய்கோடு எஸ், மீண்டும் இடைவெளி விட்டு சாய்கோடு டி, பிறகு இடைவெளியும் சுழியமும் கொடுத்து (shutdown /s /t 0) அணைப்பவர்களும் உண்டு. இது விரைவுத் தொடக்கத்தையும் தாண்டி முழுமையாக அணைக்கும். ஆனால் ஏற்கெனவே நிறுவலின் பாதியில் நிற்கும் புதுப்பிப்பை இந்தக் கட்டளை தடுத்துவிடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். பாதி வேலை எழும்போது எப்படியும் நடக்கும்.

நீங்கள் கேட்காமலே கணினி தானாக மறுதொடங்குவதும் இந்த எரிச்சலின் உடன்பிறப்புத்தான். அதற்கு, விண்டோஸ் அப்டேட்டின் மேம்பட்ட விருப்பங்களில் ‘ஆக்டிவ் அவர்ஸ்’ எனும் வேலை நேரத்தை அதிகபட்சமாக 18 மணி நேரம்வரை குறிக்கலாம். மறுதொடக்கம் தேவைப்படும்போது அறிவிக்கவும் என்ற குறியையும் இட்டுவிடுங்கள். முக்கியமான வேலை வாரம் என்றால் புதுப்பிப்புகளை ஐந்து வாரம்வரை நிறுத்தி வைக்க முடியும். புதுப்பிப்புச் சேவையையே முடக்கிவிடுங்கள் என்று சிலர் சொல்லும் அறிவுரையை மட்டும் ஏற்க வேண்டாம். ஓர் இரவு விசிறி சுழன்றதற்காக, பல மாதப் பாதுகாப்புத் துளைகளைத் திறந்து வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டுபடியாகாது.

உள்நுழைவு விருப்பங்களில் இன்னும் ஒரு அமைப்பு உண்டு: புதுப்பிப்புக்குப் பின் அமைப்பை முடிக்க என் உள்நுழைவு விவரங்களைப் பயன்படுத்து என்பது. இது இயக்கத்தில் இருந்தால், மறுதொடங்கிய விண்டோஸ் உங்கள் பெயரில் தானாக உள்ளே நுழைந்து, உடனே திரையைப் பூட்டிக்கொள்ளும். பின்னணியில் உங்கள் தொடக்க நிரல்கள் எல்லாம் திறந்துவிடும். காலையில் வந்தவர், தான் வெளியேறவே இல்லையோ என்று குழம்புவது இதனால். இதை நிறுத்தினால் மறதிப் பிழை தீராது. ஆனால் விழித்திருக்கும் கணினி, உங்கள் நிரல்களையும் சேர்த்து ஓடவிடாமல் உள்நுழைவுத் திரையோடு நின்றுகொள்ளும். மற்றவர் கைபடும் இடத்தில் கணினி இருந்தால் நிறுத்திவிடுவதே நல்லது.

மறுதொடக்கமே இல்லாத புதுப்பிப்பு சாத்தியமில்லையா என்றால், பகுதியாகச் சாத்தியம். ஆண்ட்ராய்டு 2016இல் வெளியான 7.0 பதிப்பிலிருந்து இரட்டை இருப்பிட முறையை அனுமதிக்கிறது. இயங்குதளத்தின் இரண்டு நகல்கள் இருக்கும், ஒன்று ஓடும்போது மற்றொன்று புதுப்பிக்கப்படும், மறுதொடக்கம் என்பது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது மட்டுமே. விண்டோஸிலும் 2025 ஏப்ரல் முதல், நிறுவனங்களுக்கான விண்டோஸ் 11 பதிப்பில், ஓடும் நினைவகத்திலேயே ஒட்டுப்போடும் ஹாட்பேட்ச் முறை வந்திருக்கிறது. அதிலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுதொடங்கித்தான் ஆக வேண்டும். வீட்டுப் பதிப்புக்கு அது இல்லை.

உங்கள் கணினிக்கு இப்போது செய்ய வேண்டியது இவ்வளவே. பதிப்பு எண்ணைப் பாருங்கள். 24எச்2க்கு முந்தையது என்றால் முதலில் பதிப்பை உயர்த்துங்கள். அடுத்த மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்குப் பின் வரும் புதுப்பிப்பை, ஒரே ஒருமுறை, பக்கத்தில் உட்கார்ந்து ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்துக் கவனியுங்கள். நடுவே எழுந்தால் பதற வேண்டாம், பொத்தானைத் தொடவும் வேண்டாம். விழுக்காடு முடிந்து, உள்நுழைவுத் திரை வந்து, கால் மணி நேரமாகியும் அணையவில்லை என்றால் மறதி இன்னும் இருக்கிறது. அப்போது அந்த நேரத்துக்கான 1074, 6005 பதிவுகளை நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸிலேயே உள்ள ஃபீட்பேக் ஹப் வழியாக அனுப்புங்கள். ‘அணையவில்லை’ என்று மட்டும் எழுதும் நூறு முறையீடுகளைவிட, நேரத்தோடும் நிகழ்வு எண்ணோடும் வரும் ஒன்றை வைத்துத்தான் பொறியாளர் எதையாவது தேட முடியும்.